நெட் இல்லாட்டியும் படம் ஓடும்

மக்களே, ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கிறேன். உங்க வீட்டுல கம்ப்யூட்டருக்கும் டிவிக்கும் நடுவுல எத்தனை அடி இருக்கும்? முத்தையாபுரத்துல எங்க வீட்டுல 12 அடி, நடுவுல ஒரு செங்கல் சுவர். கம்ப்யூட்டர்ல இருக்கிற ஒரு வீடியோவை டிவில பாக்கணும்னா நம்மள்ல நிறைய பேர் இன்னைக்கு என்ன பண்றோம்? க்ளவுடுல ஏத்துறோம். அது ஏதோ ஒரு ஊர் டேட்டா சென்டர் வரைக்கும் போயிட்டு, அங்க இருந்து திரும்ப நம்ம வீட்டுக்கே வந்து ஓடுது. 12 அடிக்காக நூத்துக்கணக்கான கிலோமீட்டர் பயணம்.

அந்த 12 அடியை நேரா கடக்கிறது எப்படின்னுதான் இந்தக் கட்டுரை. வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருந்து ஒரு பழைய ப்ளேஸ்டேஷன் 3-க்கு வீடியோ அனுப்புற கதை. இது புது டெக்னாலஜி இல்ல, நாம எல்கேஜி சேர்றதுக்கு முன்னாடியே வந்தது. ஆனா இன்னும் சில மாசத்துல வேலைக்குன்னு வீட்டை விட்டுக் கிளம்பப் போற எனக்கும், உங்கள்ல பல பேருக்கும், இதுல யோசிக்க ஒரு விஷயம் இருக்கு.

முன்கூட்டியே சொல்லிடுறேன், இது திருட்டுப் படம் பாக்கிறதுக்கான வழிகாட்டி இல்ல. நான் பேசுறது நம்ம வீட்டு வீடியோக்கள், நாம காசு குடுத்து வாங்கின டிஸ்க்குகள் பத்தி.

எங்க வீட்டு சாமான்கள்

டிவி, 32 இஞ்ச் எல்இடி. ஸ்மார்ட் கிடையாது. "நல்லா ஓடுற டிவிய எதுக்கு மாத்தணும்?"னு அப்பா கேட்டா யார்கிட்டயும் பதில் இல்ல. கன்சோல், பிஎஸ்3 ஸ்லிம். எங்க மாமா கப்பல்ல வேலை பாக்கிறாங்க. அவங்க புதுசு வாங்கினதும் பழசு எனக்கு வந்துச்சு. துறைமுகத்து ஊர்ல இது சகஜம். எங்க தெருவுல நாலு வீட்டுல கேட்டீங்கன்னா ரெண்டு வீட்டுலயாவது கப்பல்ல வந்த ஒரு சாமான் இருக்கும். கம்ப்யூட்டர், அக்கா காலேஜ் சேர்ந்தப்ப வாங்கின டெஸ்க்டாப்.

இது தவிர ஒரு ஷூ டப்பா நிறைய டிவிடி. அதுல ஒண்ணுதான் முக்கியம். 2008-ல நாங்க வீடு கட்டிப் பால் காய்ச்சினப்ப ஸ்டூடியோக்காரர் எடுத்துக் குடுத்தது. அதுல எங்க தாத்தா நாலு நிமிஷம் பேசுறாங்க. உப்பளத்துல கணக்கு எழுதிட்டு இருந்தவங்க. இந்த மனையை எப்படி வாங்கினோம், அப்ப இங்க என்ன இருந்துச்சுன்னு கேமராவைப் பாத்து சொல்லிட்டே இருப்பாங்க. 2014-ல தாத்தா தவறிட்டாங்க. அவங்க குரல் இருக்கிறது அந்த நாலு நிமிஷத்துல மட்டும்தான்.

லாக்டவுன் சமயத்துல அந்த டிஸ்க்கை கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன். நடுநடுவே நின்னு நின்னு ஓடுச்சு. வீட்டுல எழுதுற டிவிடி பெரும்பாலும் ஒரு சாயப் படலத்துலதான் தகவலை வச்சிருக்கு. அந்தச் சாயம் வருஷம் போகப் போக வெளுக்கும். அப்பவே ஹார்ட் டிஸ்க்குக்கு மாத்தினேன். ஆனா ஆச்சி கம்ப்யூட்டர் டேபிள் முன்னாடி வந்து உக்கார மாட்டாங்க. அவங்களுக்கு ஹால்ல, அவங்க நாற்காலியில உக்காந்து, டிவில பாக்கணும்.

"பென்டிரைவ்ல போட்டு டிவி பின்னாடி குத்தினா முடிஞ்சுதே?"னு நீங்க கேக்கலாம். ஒரே ஒரு வீடியோன்னா அது போதும், உண்மைதான். ஆனா ஷூ டப்பாவுல கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடைன்னு முப்பதுக்கு மேல டிஸ்க் இருந்துச்சு. கூடவே இன்னொரு சிக்கல். பிஎஸ்3 படிக்கிறது ஃபேட்32 முறையில ஃபார்மேட் பண்ணின டிரைவைத்தான். அதுல ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. நெட்வொர்க் வழியா அனுப்பினா இந்தக் கட்டுப்பாடே கிடையாது.

சுவரைத் தாண்டி எப்படிப் போகுது?

நெட்வொர்க்ஸ் பேப்பர்ல மல்டிகாஸ்ட்னு ஒண்ணு படிச்சிருப்போம், அஞ்சு மார்க் கேள்வி. அதை நான் நேர்ல பாத்தது இங்கதான்.

காலைல மீன்காரம்மா தெருவுல எப்படி வருவாங்க? ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்ட மாட்டாங்க. தெரு முனையில நின்னு ஒரு குரல் குடுப்பாங்க. வேணும்ங்கிறவங்க கதவைத் திறந்து, "என்ன மீன் இருக்கு?"னு கேப்பாங்க. அதேதான் இங்கயும். கம்ப்யூட்டர்ல ஓடுற மீடியா சர்வர் 239.255.255.250-ங்கிற ஒரு பொது முகவரிக்கு, 1900-ங்கிற போர்ட்ல, "நான் இங்க இருக்கேன்"னு அப்பப்ப குரல் குடுக்குது. சில நேரம் வீட்டுல இருந்தே ஆள் "யாராவது இருக்கீங்களா?"னு கேப்பாங்கல்ல, அது மாதிரி கன்சோலும் கேக்கும். எந்த வீட்டு ஐபி என்னன்னு யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம்.

அடுத்து கன்சோல், "கூடையில என்னென்ன இருக்கு?"னு கேக்கும். சர்வர் ஒரு எக்ஸ்எம்எல் பட்டியல் அனுப்பும். நாம ஒரு வீடியோவைத் தேர்ந்தெடுத்ததும், ஒரு வெப் பேஜ் எப்படி வருதோ அதே ஹெச்டிடிபி-ல வீடியோ வர ஆரம்பிக்கும். நடுவுல ஓட்டி விட்டா, "இத்தனாவது பைட்ல இருந்து குடு"ன்னு கன்சோல் கேட்டு வாங்கிக்கும். இதுல எந்த இடத்துலயும் இன்டர்நெட் வரல கவனிச்சீங்களா? ரௌட்டர்ல இருந்து வெளிய போற ஒயரைப் பிடுங்கிப் போட்டாலும் படம் ஓடும்.

இந்த ஏற்பாட்டுக்குப் பேர் யுபிஎன்பி. அதுக்கு மேல "வீடியோ இந்தந்த வடிவத்துல இருக்கணும்"னு 2003-ல சோனி, இன்டெல் மாதிரி கம்பெனிகள் சேர்ந்து ஒரு அமைப்பு வச்சு விதிமுறை எழுதினாங்க. அதுதான் டிஎல்என்ஏ. 2007 மே மாசம் வந்த 1.80 அப்டேட்ல பிஎஸ்3-க்கு இது கிடைச்சுது.

வேகம் எவ்வளவு வேணும்? 8 ஜிபி ஃபைல், ரெண்டரை மணி நேரப் படம்னு வச்சுக்கோங்க. 64,000 மெகாபிட்டை 9,000 நொடியால வகுத்தா நொடிக்கு 7 மெகாபிட் சொச்சம். பிஎஸ்3-ல இருக்கிறது 802.11ஜி வைஃபை. அட்டையில 54 மெகாபிட்னு போட்டிருந்தாலும் நிஜத்துல 20 பக்கம் வந்தா பெரிசு. அப்பக்கூட 7-க்கு அது தாராளம்தானே, ஏன் நின்னு நின்னு ஓடுது? ஏன்னா கம்ப்யூட்டரும் வைஃபை, கன்சோலும் வைஃபைன்னா ஒவ்வொரு பாக்கெட்டும் காத்துல ரெண்டு தடவை போகணும். கம்ப்யூட்டர்ல இருந்து ரௌட்டருக்கு ஒரு தடவை, ரௌட்டர்ல இருந்து கன்சோலுக்கு ஒரு தடவை. வேகம் பாதி காலி. அதுக்கு மேல செங்கல் சுவர், பக்கத்து வீட்டு வைஃபை. கம்ப்யூட்டரை மட்டும் ரௌட்டர்ல கேபிள் போட்டுச் சொருகுங்க, பாதிப் பிரச்சினை அங்கயே தீரும். நான் ரெண்டுக்குமே கேபிள் இழுத்துட்டேன். எங்க ஊர்ல உப்புக் காத்து ஜாஸ்தி. வருஷம் ஒரு தடவை பின் முனையில பச்சை பூத்திருக்கான்னு பாத்துத் துடைக்கணும், அவ்வளவுதான் பராமரிப்பு.

பெட்டி மாத்துறதும் கருவாடு போடுறதும்

டிவில பட்டியல் வந்துடும், ஃபைல் பேர் தெரியும், ஆனா அமுக்கினா ஓடாது. இதை முயற்சி பண்ற எல்லாரும் முதல் நாளே சந்திக்கிற விஷயம் இது. இங்க ரெண்டு சொல்லைப் பிரிச்சுப் புரிஞ்சுக்கணும், கன்டெய்னரும் கோடெக்கும்.

எம்கேவி, எம்பி4 எல்லாம் கன்டெய்னர். துறைமுகத்துல லாரி மேல போற பெட்டி மாதிரி. உள்ள இருக்கிற படம் ஹெச்.264-ஆ இருக்கலாம், எம்பெக்2-ஆ இருக்கலாம். அது கோடெக். எம்கேவி-யோட முழுப் பேர் மட்ரோஸ்கா. ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருக்கிற ரஷ்ய மரப்பொம்மையில இருந்து வந்த பேர். பிஎஸ்3-க்கு ஹெச்.264 தெரியும், ஆனா எம்கேவி பெட்டியைத் திறக்கத் தெரியாது.

உள்ள இருக்கிற படம் கன்சோலுக்குத் தெரிஞ்ச கோடெக்னா பெட்டியை மட்டும் மாத்தினா போதும். இதுக்கு ரீமக்ஸ்னு பேர். கூடையில இருக்கிற மீனை ஐஸ் பெட்டிக்கு மாத்துற மாதிரி. மீன் அதே மீன். தரம் குறையாது, சில நிமிஷத்துல முடியும். படமே கன்சோலுக்குப் புரியாத கோடெக்னா, பிரிச்சு மறுபடி என்கோட் பண்ணணும். இது டிரான்ஸ்கோடிங். மீனைக் கருவாடாக்குற மாதிரி. நேரம் எடுக்கும், சிபியு கொதிக்கும், திரும்பப் பழைய மீனா மாத்த முடியாது.

இந்த ரெண்டு வேலையையும் படம் ஓடிட்டு இருக்கும்போதே பண்ற சாஃப்ட்வேர்கள் இருக்கு. பிஎஸ்3 மீடியா சர்வர்னு ஒண்ணு இதுக்காகவே எழுதினாங்க. அதுல இருந்து 2012-ல பிரிஞ்சு வந்த யுனிவர்சல் மீடியா சர்வர் இப்பவும் வளர்ந்துட்டு இருக்கு. இலவசம், ஜாவா-ல எழுதினது, சோர்ஸ் கோடும் கிடைக்கும். பின்னாடி உண்மையான வேலையைச் செய்றது எஃப்எஃப்எம்பெக். 2000-ல ஃபேப்ரிஸ் பெல்லார்ட் ஆரம்பிச்சது. நீங்க இன்னைக்கு ஃபோன்லயோ நெட்லயோ பாத்த ஏதோ ஒரு வீடியோ எஃப்எஃப்எம்பெக் கை படாம வந்திருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு.

தாத்தா டிஸ்க் விஷயத்துக்கு வர்றேன். அது 720-க்கு 576, இன்டர்லேஸ் பண்ணின எம்பெக்2. பழைய குழாய் டிவிக்கு ஏத்த மாதிரி ஒரு ஃப்ரேமை ரெண்டு பாதியா, ஒரு வரி விட்டு ஒரு வரியா எடுத்தது. இப்ப இருக்கிற திரையில தாத்தா கையை ஆட்டினா கை ஓரத்துல சீப்பு மாதிரி கோடு கோடா விழும். யாடிஃப்னு ஒரு ஃபில்டர் போட்டு அதைச் சரி பண்ணி ஹெச்.264-ஆ மாத்தினேன். மொத டிஸ்க்கோட ஃபைலையும் அப்படியே வச்சிருக்கேன். கருவாடு போட்டாலும் மீனைத் தூக்கிப் போடக் கூடாது, இங்க மட்டும் அது சாத்தியம்.

ஆச்சிக்குக் கேக்கல

எல்லாம் ஓடுச்சு. ஆச்சி பாத்தாங்க. பாத்துட்டு, "வாய் அசையுது. என்ன சொல்லுதாவ?"ன்னாங்க.

ஆச்சிக்கு கொஞ்ச வருஷமா காது மந்தம். மிஷின் வாங்கிக் குடுத்தோம், "காதுக்குள்ள பூச்சி கத்துது"ன்னு கழட்டி வச்சுட்டாங்க. சவுண்டை எவ்வளவு கூட்டினாலும் வார்த்தை பிரியாது, இரைச்சல்தான் கூடும். ஆனா ஆச்சி கண்ணாடி போட்டுக்கிட்டு தினத்தந்தியை முழுசா படிச்சுடுவாங்க. சரி, சப்டைட்டில் போடுவோம்னு உக்காந்தேன்.

மக்களே, நான் எல்கேஜில இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ் எனக்கு ஒரு சப்ஜெக்ட். நாலு நிமிஷப் பேச்சைத் தட்டச்சு பண்ண ரெண்டு நாள் ஆச்சு. முதல் கேள்வியே பெரிய கேள்வி. தாத்தா "வாழைப்பழம்"னு சொல்ல மாட்டாங்க, "வாளப்பளம்"பாங்க. எழுதும்போது புத்தகத் தமிழ்ல எழுதணுமா, அவங்க வாயில வந்த மாதிரி எழுதணுமா? நான் அவங்க சொன்ன மாதிரியே எழுதினேன். ஒரு இடத்துல "அம்பாரம் அம்பாரமா கெடக்கும்"னு வருது. அந்த வார்த்தை எனக்குத் தெரியல. ஒரு தாள்ல எழுதி ஆச்சிகிட்ட காட்டினேன். "உப்பக் குமிச்சு வச்சா அம்பாரம். இது கூடவா தெரியாது, எஞ்சினியருக்கு?"ன்னாங்க. அறுபத்தொரு வரி வந்துச்சு.

அந்த சப்டைட்டில் டிவிக்குப் போனதும் அடுத்த பிரச்சினை. தமிழ் எழுத்தைக் கணினி எப்படி வச்சிருக்குன்னு பாருங்க. "கெ"ன்னு எழுதினா யூனிகோட்ல முதல்ல க, அதுக்குப் பின்னாடி ஒற்றைக் கொம்பு. ஆனா திரையில கொம்பு முன்னாடி வரணும். "கொ"ன்னா ஒரே குறியீடு ரெண்டாப் பிரிஞ்சு எழுத்துக்கு ரெண்டு பக்கமும் நிக்கணும். இப்படி இடம் மாத்தி அடுக்குற வேலைக்கு ஷேப்பிங்னு பேர். இங்கிலீஷுக்கு இது கிட்டத்தட்ட தேவையே இல்ல. அதனால ஷேப்பிங் தெரியாத கருவியில தமிழ் வந்தா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவுல ஒரு புள்ளி வட்டம்னு சிதறிக் கிடக்கும். ஆச்சியைப் பொறுத்தவரைக்கும் அது எழுத்தே கிடையாது.

இதுக்குத் தீர்வு, எழுத்தை எழுத்தா அனுப்பாம படத்துலயே பதிச்சு அனுப்புறது. எஃப்எஃப்எம்பெக்-ல லிப்ஆஸ்னு ஒரு நூலகம் இருக்கு. அது ஹார்ஃப்பஸ்-ங்கிற ஷேப்பிங் எஞ்சினைக் கூப்பிட்டு, தமிழைச் சரியா அடுக்கி, ஃப்ரேம் மேலயே வரைஞ்சுடும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை, ஆச்சி நாற்காலியில இருந்து படிக்கிற அளவுக்குப் பெரிசாப் போட்டு, அடியில கருப்புப் பட்டை வச்சு ஒரே ஒரு தடவை பதிச்சேன். இனிமே அந்த ஃபைல் எந்தக் கருவியில ஓடினாலும் தமிழ் தமிழாத்தான் தெரியும். கருவிக்குத் தமிழ் தெரிஞ்சிருக்கணும்னு அவசியம் இல்ல.

ஆச்சி முழுசாப் படிச்சாங்க. ரெண்டாவது தடவை போடச் சொன்னாங்க. "அவிய இப்படித்தான் பேசுவாவ"ன்னாங்க. அறுபத்தொரு வரிக்கும் சேர்த்து எனக்குக் கிடைச்ச மார்க் அது.

2023 டிசம்பர்

டிசம்பர் 17, 18 தேதி மழையைத் தூத்துக்குடிக்காரங்களுக்கு நான் சொல்லணுமா? காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். கோரம்பள்ளம் குளம் உடைஞ்சு முத்தையாபுரம் பக்கம் தண்ணி வந்துச்சு. எங்க வீட்டுல முழங்காலுக்கு மேல. அரிசி, சர்ட்டிஃபிகேட், கம்ப்யூட்டர் மூணையும் பரண்ல ஏத்திட்டு நாங்க மாடி வீட்டுல இருந்தோம். சோஃபா போச்சு, ஃப்ரிட்ஜ் போச்சு. ஷூ டப்பா கீழ் அலமாரியில இருந்துச்சு, அதுவும் போச்சு. டிஸ்க் எல்லாம் சேத்துல ஒட்டிப் போய்க் கிடந்துச்சு. ஹார்ட் டிஸ்க்ல இருந்தது மட்டும் மிச்சம்.

அப்புறம் நடந்ததுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. நாலஞ்சு நாள் கழிச்சு எங்க தெருவுக்குக் கரண்ட் வந்துச்சு. ஆனா பிராட்பேண்ட் வரல. ஃபோன்ல டவர் வந்து வந்து போச்சு. ஊருல எல்லார்கிட்டயும் ஏதோ ஒரு ஓடிடி சந்தா இருக்கு, ஒருத்தராலயும் பாக்க முடியல. எங்க வீட்டுல கம்ப்யூட்டரை இறக்கி, காய வச்சு, ரௌட்டரை ஆன் பண்ணினோம். படம் ஓடுச்சு. பகல் முழுக்க சேறு அள்ளிட்டு, சாயங்காலம் தெருப் பிள்ளைங்க ஏழெட்டுப் பேர் எங்க ஹால்ல வெறும் தரையில உக்காந்து, நாங்க முன்னாடி வாங்கி வச்சிருந்த டிவிடி-ல இருந்து மாத்தின கார்ட்டூனைப் பாத்தாங்க.

சந்தா கட்டுறதைத் தப்புன்னு சொல்லல. நானும் கட்டுறேன். ஆனா சந்தாவுல நாம வாங்குறது பாக்கிற அனுமதி. நம்ம கையில இருக்கிற ஃபைல் வேற விஷயம். அந்த வித்தியாசம் சும்மா நாள்ல தெரியாது, வெள்ளத்துல தெரியும்.

வெள்ளத்துக்குப் பிறகு முதல் வேலையா இன்னொரு காப்பி எடுத்தேன். 3-2-1-னு ஒரு பழைய விதி இருக்கு. மூணு காப்பி, ரெண்டு விதமான சாதனம், அதுல ஒண்ணாவது வேற இடத்துல. வேற இடம்னா எங்க? முதல்ல பாளையங்கோட்டை சித்தி வீடுன்னு நினைச்சோம். ஆனா அதே மழையில தாமிரபரணி அங்கயும் போயிருந்துச்சு. அதனால மதுரை அத்தை வீட்டுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் போச்சு. உங்க பேக்கப் எங்க இருக்குன்னு யோசிக்கும்போது ஆத்து வழியையும் சேர்த்து யோசிங்க.

கம்பெனி போயிடும், ஆளும் போயிடுவாங்க

இந்தத் துறையோட வரலாறு முழுக்க யாராவது கைவிட்ட கதைதான். 2013-ல பிஎஸ்4 வந்தப்ப, பிஎஸ்3-ல இருந்த டிஎல்என்ஏ வசதி அதுல இல்ல. 2015-லதான் மீடியா ப்ளேயர் ஆப் குடுத்தாங்க. பிஎஸ்5-ல மறுபடி கிடையாது, ப்ளெக்ஸ் மாதிரி வெளி ஆப்தான் வழி. மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் 360-ஐ மீடியா சென்டரோட சேர்த்து வித்தாங்க. 2015-ல விண்டோஸ் 10 வந்தப்ப மீடியா சென்டரையே எடுத்துட்டாங்க. டிஎல்என்ஏ அமைப்பையே 2017-ல கலைச்சுட்டாங்க.

அப்ப என்னதான் மிஞ்சுச்சு? ஆர்வத்துல எழுதினது மிஞ்சுச்சு. முதல் எக்ஸ்பாக்ஸ்ல வீடியோ ஓட்டணும்னு 2002-ல சில பேர் பொழுதுபோக்கா ஆரம்பிச்சது எக்ஸ்பிஎம்சி ஆகி, 2014-ல கோடின்னு பேர் மாறி, இப்பவும் ஓடுது. அந்த எக்ஸ்பாக்ஸ் எப்பவோ கடையில இருந்து போயிடுச்சு. விஎல்சி-யை எடுத்துக்கோங்க. 1996-ல பாரீஸ்ல எகோல் சென்ட்ரால் காலேஜ் மாணவங்க, அவங்க கேம்பஸ் நெட்வொர்க்கை வேகமாக்கணும்னு ஆசைப்பட்டு, அதுக்கு ஒரு காரணமா நெட்வொர்க்ல வீடியோ அனுப்புற ப்ராஜெக்டை ஆரம்பிச்சாங்க. 2001-ல காலேஜ் அதை ஓப்பன் சோர்ஸ் ஆக்க ஒத்துக்கிச்சு. அந்த மாணவங்க எல்லாம் படிப்பு முடிச்சுப் போயிட்டாங்க, அந்த ஆரஞ்சுக் கூம்பு நம்ம லேப்டாப்புல நிக்குது. காரணம், கோடு திறந்து இருந்துச்சு. ஒருத்தர் போனா அடுத்தவர் எடுத்து நடத்த முடிஞ்சுது.

இதைப் படிச்சப்பதான் எனக்கு வீட்டு ஞாபகம் வந்துச்சு. எனக்கு பெங்களூருல வேலை கிடைச்சிருக்கு. ஜூன்ல கிளம்பணும். எங்க வீட்டு சர்வர் எப்படி ஓடுதுன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நான். அப்ப நான் கிளம்பினா? ஆச்சிக்குத் தாத்தாவைப் பாக்கணும்னு தோணினா அம்மா எனக்கு ஃபோன் பண்ணணும், நான் மீட்டிங்ல இருப்பேன்.

அதனால இந்த செமஸ்டர் லீவுல நான் பண்ணினது இதுதான். எல்லா வீடியோவையும் முன்னாடியே பிஎஸ்3-க்கு ஏத்த எம்பி4-ஆ மாத்திட்டேன். ஓடும்போது டிரான்ஸ்கோட் பண்ணத் தேவை இல்லன்னா சர்வருக்குப் பலமும் தேவை இல்ல. கருவாடு போட்டு வச்சாச்சுன்னா பெரிய அடுப்பு எதுக்கு? டெஸ்க்டாப்புக்குப் பதிலா ஒரு ராஸ்பெரி பை, அதுல மினிடிஎல்என்ஏ, கூட ஒரு ஹார்ட் டிஸ்க். கரண்ட் போய் வந்தா தானா கிளம்பிடும்.

அப்பா கேட்ட ஒரே கேள்வி, "கரண்ட் பில்லு?" நியாயமான கேள்வி. டெஸ்க்டாப் 80 வாட்னு வச்சா, நாள் பூரா ஓடினா 1.92 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 115 யூனிட். அப்ப அரசு இலவசமாத் தந்த 100 யூனிட்டை சர்வரே தின்னுடும். பையும் டிஸ்க்கும் சேர்த்து 10 வாட்னு வச்சா, ரெண்டு மாசத்துக்கு 14 யூனிட் சொச்சம். அப்பா சரின்னுட்டாங்க.

கடைசியா ஒரு தாள். ஃபோல்டர்களுக்கு எண் மட்டும் வச்சேன். எந்த எண் எந்த விசேஷம்னு அம்மா அவங்க கையெழுத்துலயே எழுதி டிவி பக்கத்துல ஒட்டிட்டாங்க. நான் டைப் பண்ணித் தர்றேன்னு சொன்னேன். "நான் எழுதினாதான் எனக்கு ஞாபகம் இருக்கும்"னாங்க. அதுல படி 3 இப்படி இருக்கு: "பெருக்கல் குறி பட்டனை ஒரு தடவை அமுக்கவும். ரெண்டு தடவை அமுக்கக் கூடாது." எந்த மேனுவலையும் விட எனக்கு அது பிடிச்சிருக்கு.

அப்புறம் ஒரு பரீட்சை வச்சோம். நான் மொட்டை மாடிக்குப் போயிட்டேன், ஃபோனை ஆஃப் பண்ணிட்டேன். அப்பா மெயின் ஸ்விட்சை அணைச்சுப் போட்டாங்க. அம்மா தாளைப் பாத்து ஆரம்பிச்சாங்க. பதினோரு நிமிஷம் ஆச்சு, ஆனா ஓடுச்சு. அடுத்த வாரம் ஆறு நிமிஷம். இப்ப ஆச்சியே "பெருக்கல அமுக்கு"ன்னு சொல்ற அளவுக்கு வந்துட்டாங்க.

நாலு வருஷமா நாம ப்ராஜெக்ட் பண்றோம். வைவா அன்னைக்கு ஓடணும், அவ்வளவுதான் நம்ம கவலை. எக்ஸ்டர்னல் கேக்கிற கேள்வி எல்லாம் "இது எப்படி வேலை செய்யுது?"ங்கிறதுதான். "நீ போன பிறகு இதை யார் ஓட்டுவா?"ன்னு யாரும் கேக்கிறது இல்ல. வீட்டுல அந்தக் கேள்வி தானா வருது, ஏன்னா நாம நிஜமாவே போறோம்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்ப ஒரு சாயங்காலத்தை இதுக்கு ஒதுக்குங்க. கன்சோல் இல்லன்னா பரவாயில்ல, செட்டாப் பாக்ஸோ பழைய லேப்டாப்போ எதுவா இருந்தாலும் சரி. முதல்ல அலமாரியில இருக்கிற டிஸ்க்கையும் கேசட்டையும் எடுத்து வெளிய வைங்க. அது வெளுத்துட்டே இருக்கு, அதுக்கு நம்ம செமஸ்டர் டைம்டேபிள் தெரியாது. யாராவது பேசுற இடம் இருந்தா, அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்சவங்க வீட்டுல இருக்கும்போதே எழுதி வைங்க. வேற ஊருக்கு ஒரு காப்பி அனுப்புங்க. எல்லாம் முடிஞ்சதும் ரிமோட்டை அம்மா கையில குடுத்துட்டு, நீங்க மாடிக்குப் போயிடுங்க.